சைக்காலஜி கிடைத்துவிட்டது, மாமா விடமாட்டேன் என்கிறார்

கோவை மாவட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ். பக்கத்து ஊர் மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. சைக்காலஜி இடம் கிடைத்துவிட்டது. அவள் ஆசைப்பட்டதும் அதுதான். தாய்மாமாவோ, "பைத்தியக்காரங்களைப் பார்க்கிற படிப்பு நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு? நகையை வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்" என்கிறாராம்.

அம்மா, ஆறுதல் சொல்ல நேரமில்லை, ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. நகையை வைக்காதீர்கள். விருப்பமில்லாத பெண்ணைக் கடன் வாங்கி நான்கு வருடம் உட்கார வைத்து, அவள் அரியரோடு வெளியே வந்தால் வட்டியை மாமா கட்ட மாட்டார்.

பி.காமில் சேர்த்துவிட்டு சைக்காலஜியை கரஸில் முடிக்கலாம் என்பது அவருடைய இன்னொரு யோசனை. அந்த வழி அடைபட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. நல்ல முடிவுதான். லேபில் கை வைக்காமல் இந்தப் படிப்பு வராது.

சைக்காலஜிக்கு லேபா என்று கேட்பீர்கள். கண்ணாடி பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைகிற கையை ஒரு தட்டி மறைத்துவிடும். எதிரே கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து, இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை நகர்த்த வேண்டும். முதல் தடவை மூலையில் பென்சில் அப்படியே நின்றுவிடும். கை நினைத்த பக்கம் போகாது. பக்கத்தில் தோழி ஸ்டாப்வாட்சோடு நேரத்தையும் கோடு தாண்டிய தவறுகளையும் குறிப்பாள். இடது கையால் ஒரு முறை, வலது கையால் பல முறை, மறுபடி இடது கை. நடுவில் பழகவே பழகாத இடது கையும் பெரும்பாலும் தேறியிருக்கும்! இதை கிராஃப் போட்டு, வரைந்தவள் மனதில் அப்போது என்ன ஓடியது என்பதையும் கேட்டு ரெக்கார்டில் எழுத வேண்டும். வகுப்பில் 60 பேர் இருந்தால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். 20 பேர் என்றால் எல்லோர் கைக்கும் கருவி வரும். சின்னக் கல்லூரிக்கு நான் ஓட்டுப் போடுவது இதனால்தான். (ஒரு குறை உண்டு: புராஜெக்டுக்குத் தகவல் தருகிறவர்கள் எல்லாம் அதே ஹாஸ்டல் பெண்களாகவே இருப்பார்கள்.) புள்ளியியல் தாளும் வரும். கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் இங்கே வருகிறாளா என்று அவளிடமே கேட்டுவிடுங்கள்.

கல்லூரி ஆபீஸில், இடம் எய்டடா (அரசு உதவி பெறுவது) செல்ஃப் ஃபைனான்ஸா (சுயநிதி) என்று முதலில் கேளுங்கள். ஒரே வளாகத்திலும் இரண்டுக்கும் கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். பாடம் நடத்துகிறவர்கள் சைக்காலஜி படித்தவர்கள்தானா என்றும் விசாரியுங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகளில் தூசி படிந்திருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது. எம்.எஸ்சி. இரண்டு வருடம், அதன்பின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த பயிற்சி, பிறகு அங்கே பதிவு. பதிவில்லாமல் அந்தத் தொழில் செய்வது 1992ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டப்படி குற்றம். இடையில் கிடைக்கும் வேலைகளில் சம்பளம் சொற்பம்தான். மூன்றாம் வருடம் வரன் பேச்சு கட்டாயம் வரும். எம்.எஸ்சி. செலவுக்கான பணத்தை அதற்கு முன்பே அவள் பெயரில் போட்டு வையுங்கள். மாப்பிள்ளை வீட்டார் படிக்க வைப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.