சங்கத்தில் இருந்துகொண்டே ஆய்வு செய்யலாமா?

வணக்கம் ஐயா,

சென்னையில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் சங்கம் ஒன்றில் அதற்கு முன்பிருந்தே இருக்கிறேன். ஆய்வும் அவர்களைப் பற்றியதுதான். "நீ எழுதுவது துண்டறிக்கை மாதிரி இருக்கிறது, ஏதாவது ஒன்றை விடு" என்கிறார் நெறியாளர். "நாங்கள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம், உனக்கு அடிக்குறிப்பு கேட்கிறதா" என்கிறார்கள் சங்கத்தில். இன்னொரு சங்கடம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிகாரிகளிடம் பேச்சுவார்த்தைக்குப் போவது ஆண்கள் மட்டும். இதை எழுதினால் சங்கத்துக்கு எதிராகப் பயன்படுத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் எதை விடுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எதையும் விட வேண்டாம். ஆனால் நெறியாளர் சொல்வதைத் தள்ளிவிடவும் வேண்டாம். தன் பக்கத்துக்குச் சங்கடமான தகவலை மெல்ல ஓரங்கட்டும்போதுதான் ஆய்வு கெடுகிறது. சங்கம் பக்கமே தலைவைத்துப் படுக்காத பேராசிரியர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நிதி தருபவருக்குப் பிடிக்காததை அவர்கள் எழுதுவதில்லை. அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

கே. பாலகோபாலைப் படித்திருப்பீர்கள். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், வாரங்கல் காகதீயா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1980களின் நடுவில் அந்த வேலை போய் முழுநேரமாக மனித உரிமைப் பணிக்கு வந்தார். ஆந்திராவில் என்கவுன்டர் நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுக்களோடு போய் அறிக்கை எழுதினார். போலீஸ் தரப்புக் கதை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ரோந்து போனோம், சுட்டார்கள், தற்காப்புக்குத் திருப்பிச் சுட்டோம். எஃப்.ஐ.ஆரில் செத்தவர்மேல் கொலை முயற்சி வழக்கு இருக்கும்; சுட்டவர்மேல் எதுவும் இருக்காது. இதை உடைக்கக் கோஷம் உதவாது. முந்தைய நாள் அந்த ஆளைக் கடைசியாகப் பார்த்தது யார், எங்கே, யாரோடு, குண்டு எந்தப் பக்கமாகப் பாய்ந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

அப்புறம் அவர் செய்ததுதான் உங்களுக்கு முக்கியம். அதே கேள்விகளை நக்சலைட்டுகளிடமும் திருப்பினார். போலீசுக்குத் துப்புக் கொடுத்தான் என்று சொல்லி ஒருவனைக் கொன்றால், அதற்கு என்ன சாட்சி, யார் விசாரித்தார்கள்? கூட இருந்தவர்களுக்கே இது பிடிக்கவில்லை. பல ஆண்டுகள் பொதுச்செயலாளராக இருந்த அமைப்பைவிட்டு வெளியேறி, 1998இல் சிலரோடு சேர்ந்து மனித உரிமை மன்றத்தைத் தொடங்கினார். 2009இல் இறக்கும்வரை அதில்தான் இருந்தார். 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் அவர் எழுதிய கட்டுரைகளை இன்றும் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். பக்கம் எடுத்ததால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

போராட்டமும் ஆய்வும் ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை, கேள்விகள் வேறு. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994இல் மக்கள் விசாரணைகளைத் தொடங்கியது. பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது வருகை, கூலிப் பதிவேட்டை, ஊர்க் கூட்டத்தில் பெயர் பெயராக உரக்கப் படிப்பார்கள். கூலி வாங்கியதாகக் கணக்கில் இருப்பவர் எழுந்து, நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்பார். செத்துப்போனவரின் பெயரும் பட்டியலில் வரும். ஆவணத்தைச் சாட்சியோடு ஒப்பிடுவது, எந்த வரலாற்று ஆய்வாளரும் செய்கிற வேலைதானே? இந்தக் கணக்குகளின் நகல் கேட்டு 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா, கடைசியில் 2005இல் நாடு முழுமைக்குமான தகவல் உரிமைச் சட்டம்.

ஆனால் 1997இலேயே தமிழ்நாடு இப்படி ஒரு சட்டம் போட்டுவிட்டது, இந்தியாவில் முதல் மாநிலமாக. பியாவர் மாதிரி தர்ணா எதுவும் இங்கே நடக்கவில்லை. அந்தச் சட்டத்தில் தகவல் தருவதைவிட மறுப்பதற்கான விலக்குகளே நீளமாக இருந்தன. போராட்டம் இல்லாமல் வந்த சட்டம் ஏன் வந்தது, வந்து என்ன ஆயிற்று? தர்ணாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கேள்வி தேவையில்லை, நேரமும் இல்லை. உங்களுக்குத் தேவை. "அடிக்குறிப்பு கேட்கிறதா" என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்க மாட்டார்கள், பரவாயில்லை.

சரி, பேச்சுவார்த்தைக் குழு. தாராளமாக எழுதுங்கள். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது நீங்கள் எழுதுவதற்கு முன்பே தெரியும். நீங்கள் எழுதி அவர் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அதே சமயம், வேலைநிறுத்தம் எப்போது, எதுவரை இறங்கி வரலாம் என்பதெல்லாம் பேச்சுவார்த்தை முடியும்வரை உங்கள் நோட்டில்கூட வேண்டாம். தோழராக உங்களிடம் சொன்னதை, ஆய்வாளராக மறுபடி கேட்டு அனுமதி வாங்காமல் சேர்க்காதீர்கள். உறுப்பினர் என்பதை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே போட்டுவிடுங்கள். துண்டறிக்கையில் "தொழிலாளர் அனைவரும்" என்று எழுதலாம். ஆய்வேட்டில் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். நெறியாளர் கேட்பது அநேகமாக இவ்வளவுதான்.

அந்தப் பகுதியை அவருக்குக் கொடுக்கும் முன்பு சங்கத்துப் பெண்களிடம் வாசித்துக் காட்டுங்கள். சங்கக் கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறார்கள், அந்நேரம் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டியவரால் இரவு ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வர முடியாது. குழுவுக்குப் பெயர் கொடுப்பது அந்தக் கூட்டத்தில்தான் என்றால், உங்கள் அத்தியாயத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.