கைல் ஃபீல்டு: அம்மாவுக்கு எந்தப் பக்கம் சீட்டு?

டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானமான கைல் ஃபீல்டில், முழங்கால் வலி உள்ள உங்கள் அம்மாவுக்கு உங்கள் மகன் மாணவர் பகுதியில் சீட்டு வாங்கித் தருவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் சார். டெக்ஸஸ் ஏ அண்ட் எம் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றபடிதான் பார்ப்பார்கள். 1922 ஜனவரியில் காயங்களால் அணியில் ஆள் குறைந்தபோது, மாணவர் கிங் கில் சீருடை மாட்டிக்கொண்டு ஓரத்தில் தயாராக நின்றார். கடைசிவரை இறங்க வேண்டி வரவில்லை. பதினோரு பேர் அணிக்குத் தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்று மாணவர்கள் நின்றே பார்க்கும் 'பன்னிரண்டாவது ஆள்' மரபு அதிலிருந்து வந்தது.

மேற்குப் பக்கம் பாருங்கள். பழைய மேற்குக் கட்டடத்தை 2014 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, 2015 ஆட்டங்களுக்குள் புதிதாகக் கட்டிவிட்டார்கள். மொத்தக் கொள்ளளவு இப்போது 1,02,000க்கு மேல். அந்தப் பக்கம் காசு கூடுதல், ஆனால் உட்காரலாம்.

அப்புறம், பல்கலைக்கழகப் பாட்டு வரும்போது தோளோடு தோள் கோத்து எல்லோரும் அசைவார்கள். மேல்தளமே ஆடுவது தெரியும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆட்டத்துக்கு முந்தின நள்ளிரவில் மாணவர்கள் கூடிக் கோஷம் போடும் கூட்டம் இலவசம். அதற்கு நீங்கள் மட்டும் போங்கள்.