பாசிக்குப் போகும் எனக்குத் தலை சுற்றுகிறது: வயதுதான் காரணமா?

கேள்வி: பாம்பன் பக்கம் கடலோரத்து ஊர். பேத்தியை வைத்து எழுதுகிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து பாசிக்குப் போகிறேன், கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கிற வேலை. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் கடலில்தான். ஆறேழு மாதமாக முங்கி எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. வத்தையில் (படகில்) ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. முழங்கால் வலி இரண்டு வருடமாக உண்டு. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையைக் காலையில் போட்டால்தான் கால் நகரும். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். டாக்டரிடம் போனேன். ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, “71 வயசாச்சே பாட்டி, இனி அப்படித்தான் இருக்கும், கடலை விட்டுடுங்க” என்றார். மகனும் மருமகளும் அதையே சொல்கிறார்கள். தனுஷ்கோடிப் புயலப்போ நான் பால்குடி மறக்காத பிள்ளை என்று ஆத்தா சொல்லும். எனக்கு 71 இருக்காது. சரி, கிழவிக்கு எதுக்கு டெஸ்டு என்று நானும் விட்டுவிட்டேன். பேத்திதான் கேட்டே ஆக வேண்டும் என்கிறாள். இது வயதுதானா?

பதில்: அம்மா, முதலில் அந்தக் கணக்கை முடித்துவிடுவோம். தனுஷ்கோடிப் புயல் அடித்தது 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. அன்று நீங்கள் பால்குடி மறக்காத பிள்ளை என்றால் இன்றைக்கு அறுபத்து மூன்று, அறுபத்து நான்குக்கு மேல் போகாது. நம் கரையில் உங்கள் தலைமுறைக்குப் புயலுக்கு முன்னே, புயலுக்குப் பின்னே என்பதுதான் காலண்டர். அட்டையில் இருப்பது யாரோ ஒருவர் குத்துமதிப்பாகப் போட்ட எண். அந்த எண்ணைப் பார்த்து வைத்தியம் முடிந்துபோனது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நிஜமாகவே 71 ஆக இருந்தாலும் நான் இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட வார்த்தை “ஆறேழு மாதமாக” என்பது. மூப்பு அப்படி வராது. நரை ஏறுவதுபோல வருடக்கணக்கில், நமக்கே தெரியாமல் வரும். போன வருடம் இல்லாத மூச்சு வாங்கல் இந்த வருடம் வந்திருக்கிறது என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்று தேடுவதுதான் மருத்துவரின் வேலை.

கடிதத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது. என் சந்தேகத்தைச் சொல்கிறேன். நீங்கள் இரண்டு வருடமாகத் தினமும் போடும் வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் மாதிரி ஒன்றாக இருக்கலாம். இந்த வகை மாத்திரைகள் இரைப்பையின் உள்தோலை அரிக்கும். புண் ஆகி, ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வயிறு வலிக்க வேண்டும் என்றுகூட இல்லை. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகலாம். கசிவு குறைவாக இருந்தால் நிறமும் மாறாது. மாதக்கணக்கில் இப்படிப் போனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இறங்கும். பிராணவாயுவைச் சுமக்கும் சரக்கு அதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு முங்குகிறவருக்கு அது குறைந்தால் என்ன ஆகும்? நீங்கள் எழுதியது அப்படியே ஆகும். முழங்காலுக்குப் போட்ட மாத்திரை தலையைச் சுற்ற வைத்திருக்கலாம். பழியை வயது வாங்கிக்கொண்டது.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இருபது வயதுக்கு ஒரு கணக்கு, எழுபது வயதுக்கு ஒரு கணக்கு என்று கிடையாது.

இன்னொரு கோணமும் உண்டு. பாசிக்குப் போகிற பெண்கள் வத்தையில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடம் கிடையாது என்பதால் விடிகாலையில் ஒரு டம்ளரோடு சரி. கரை திரும்ப மதியம் தாண்டிவிடும். அந்த வெயிலில், பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு, தலைகீழாக முங்கி எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பிரஷர் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்து தருகிற பெண்ணிடம் இந்தத் தலைசுற்றலைச் சொன்னீர்களா? நீங்களாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் டாக்டரை நான் குறை சொல்லும்போது என் கதையையும் சொல்ல வேண்டும். எண்பதுகளின் கடைசி. இதே கரையில் ஒரு சின்ன மருத்துவமனை, எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். “வலை இழுத்தா மூச்சு வாங்குது தம்பி, போன வருஷம் வாங்கல” என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். “வயசாச்சுல்ல பெரியவரே” என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து மகன் தோளில் சாய்ந்து வந்தார். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. அந்தப் பக்கத்துக் கட்டி வலியே இல்லாமல் ரத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கும் என்பது நான் பரீட்சையில் எழுதிய பதில்தான். “போன வருஷம் வாங்கல” என்று அவர் சொன்னது இப்போதும் ராத்திரியில் காதில் கேட்கும்.

எனக்கும் இப்போது உங்கள் வயதுதான். பிரஷர் மாத்திரை, தலைக்கு மை, இரண்டும் உண்டு. போன வருடம் ஒரு மாத்திரையின் பெயர் நாக்கில் வராமல் நின்றபோது எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியின் மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதே பெயரை நாற்பது வயதில் நான் மறந்திருந்தால் வேலை ஜாஸ்தி என்று நினைத்திருப்பான். என் தோள்வலிக்கு ஓர் இளம் டாக்டரிடம் போனேன். “சார், உங்க வயசுக்கு இது நார்மல்” என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, பரிசோதனை வேண்டாம், செலவு வேண்டாம். அவர் என் தோளைத் தொட்டே பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

வயதை வைத்து ஒருவரை ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘ஏஜிசம்’ என்ற பெயரை உண்டாக்கியவரும் ஒரு மருத்துவர்தான். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 1969இல். வாஷிங்டன் அருகே வசதியான குடியிருப்பு ஒன்றில் ஏழை முதியவர்களுக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் சண்டை போட்டதைப் பார்த்துச் சொன்னது அது. அடுத்தவர் ஒதுக்குவது ஒரு பக்கம். “கிழவிக்கு எதுக்கு டெஸ்டு” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. மூப்பைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாக 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நினைப்பே ஆயுளைக் கூட்டிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தனக்கு இனி எதுக்கு என்று நினைக்கிறவர் டெஸ்டுக்குப் போவதில்லை, மீனைப் பேரப்பிள்ளை தட்டில் வைத்துவிட்டுக் குழம்பு மட்டும் ஊற்றிச் சாப்பிடுகிறார். அதுவே உடம்பைக் கெடுக்கப் போதும். நீங்கள் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பேத்தியைக் கேட்டால் தெரியும். விலை குறைந்த சூடை மீனாவது தினம் இரண்டு உங்கள் தட்டில் விழட்டும். கருவாடு வேண்டாம், உப்பு பிரஷரை ஏற்றும்.

முழங்கால் விஷயத்தில் வயதுக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் தொடைத் தசை வலுவானால் வலி குறையும், அந்தத் தசை எந்த வயதிலும் வலுப்பெறும். 1990இல் அமெரிக்காவில், தொண்ணூறை ஒட்டிய பத்து முதியவர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணுங்கள், பிறகு மற்ற கால். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையும் மாலையும்.

கடலை விடுவதா என்று கேட்டால்: முங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். இதை வயதுக்காகச் சொல்லவில்லை, தண்ணீருக்குள் தலை சுற்றினால் இருபது வயதுக்காரியும் மேலே வர மாட்டாள். காரணம் தெரிந்து, சரியாகி, டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு திரும்பப் போவதைப் பேசலாம். அதுவும் முதலில் இடுப்பளவுத் தண்ணீரில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு. அதுவரை கரையில் பாசி காயவைப்பதும் பிரிப்பதும் இருக்கவே இருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்), எந்த நீரோட்டத்துக்கு அப்புறம் கிடைக்கும் என்று உங்கள் வத்தையில் வேறு யாருக்குத் தெரியும்? மகனிடமும் மருமகளிடமும் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு உங்களுடையது.

நாளைக்கே வலி மாத்திரையை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டு, கூடவே ஓர் இசிஜி. மூச்சு வாங்கலுக்கு இதயமும் காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தால் இரும்புச்சத்து மாத்திரையோடு திரும்பி வந்துவிடாதீர்கள், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) பார்க்கச் சொன்னால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலம் கறுத்துப் போவது, ரத்த வாந்தி, நெஞ்சு இறுக்கம், மயங்கி விழுவது, இதில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

போகும்போது பேத்தியைக் கூட்டிப்போங்கள். டாக்டரிடம் வயதைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். “போன வருஷம் இது எனக்கு இல்லை” என்று ஆரம்பியுங்கள். வலி மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெடிக்கலில் பெயர் இல்லாத பக்கமாக வெட்டிக் கொடுத்திருந்தால், முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் பேத்தி செல்போனில் ஒரு படம் எடுத்துவிடட்டும்.