எஃப்.சி. (தகுதிச் சான்று) 2031 வரை இருக்கிறதே, பிறகு எதற்குச் சோதனை?

வாசகர் கேள்வி - பதில்: பழைய கார்

கேள்வி (வேளச்சேரி): 2016 மாடல் பெட்ரோல் கார், ஓன் போர்டு, டி.என். 07 பதிவு. "எஃப்.சி. 2031 வரைக்கும் கிளியர் சார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்கிறார் புரோக்கர். இதுவரை எந்தெந்த வருடம் சோதனையில் தேறியது என்ற விவரம் எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கும் கிடைக்காது. ஏனென்றால் அந்தச் சோதனையே நடந்திருக்காது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு செய்யும்போதே ஆர்.சி.யை (பதிவுச் சான்று) 15 ஆண்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பரிவாஹன் தளத்தில் நீங்கள் பார்க்கும் தேதி, பதிவுத் தேதியோடு 15ஐக் கூட்டிப் போட்ட கணக்கு மட்டுமே. நடுவில் வண்டி லாரிக்கு அடியில் போய் மீண்டு வந்திருந்தாலும் அந்தத் தேதி அசையாது. புரோக்கர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதில் வண்டியைப் பற்றி ஒன்றுமே இல்லை.

ஆகவே வரலாற்றை வேறு காகிதங்களிலிருந்து நாமே கோத்தெடுக்க வேண்டும். முதலில் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவை, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றைப் பாருங்கள். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிடுங்கள். இது பத்து நிமிட வேலை.

அதிகம் பேசுவது இன்சூரன்ஸ் பாலிசிதான். கடைசி ஒன்று போதாது, நான்கைந்து வருடத்துப் பாலிசிகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் என்.சி.பி. என்று ஒரு சதவீதம் இருக்கும், கிளெய்ம் வாங்காததற்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது. கிளெய்ம் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். 45 இருந்த இடத்தில் திடீரென்று 0 என்றால், அதற்கு முந்தைய பாலிசி ஓடிய 12 மாதத்தில் எதுவோ நடந்திருக்கிறது. அதே சமயம் உரிமையாளர் மாறியிருந்தாலும், பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டியிருந்தாலும் பூஜ்யம்தான் வரும். எனவே உடனே குற்றம் சாட்ட வேண்டாம், கேள்வியாகக் கேளுங்கள். என்.சி.பி. ஆளோடு போவது, வண்டியோடு அல்ல. தன் பழைய காரில் சேர்த்த 50 சதவீதத்தை ஒருவர் இந்தக் காருக்குக் கொண்டுவந்திருக்கவும் கூடும்.

அடுத்தது சர்வீஸ் பதிவு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு ஜாப் கார்டிலும் தேதியும் கிலோமீட்டரும் ஏறியிருக்கும். முன்பின் தெரியாதவருக்குக் காட்ட மாட்டார்கள், விற்பவரையே கூட்டிப் போங்கள். 2021இல் 62,000, 2022இல் 48,000 என்று இறங்கியிருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். பதிவு ஒரு கட்டத்தோடு நின்றுபோயிருந்தால், அதற்குப் பிறகு வெளி மெக்கானிக்கிடம் போன பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

புகைச் சான்றை யாரும் படிப்பதில்லை, பாவம். உங்கள் கார் பி.எஸ்.4 என்ற மாசு விதி வகை, ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும். பழைய சீட்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக 0.3ஐ நோக்கி ஏறியிருந்தால் ஆக்சிஜன் சென்சாரோ கேடலிடிக் கன்வெர்ட்டரோ களைத்துவருகிறது. இரண்டு வருடச் சீட்டில் ஒரே எண்கள் அச்சு அசலாக இருந்தால் அந்தச் சான்றை நம்ப வேண்டாம்.

கடைசியாக போனட்டைத் திறந்து, கீல் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். ஸ்பேனர் படாத போல்ட்டில் பெயின்ட் முழுசாக இருக்கும். கழற்றி மாட்டியதில் மூலைகள் உரிந்து இரும்பு தெரியும். மட்கார்டு போல்ட்டையும் அப்படியே பாருங்கள். டிங்கரிங் வேலையை எவ்வளவு மறைத்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி (அம்பத்தூர்): மஞ்சள் போர்டு டாக்ஸியாக ஓடியதை வெள்ளை போர்டாக மாற்றி விற்கிறார்கள் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சட்டப்படி மாற்றலாம், அதில் தப்பில்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு. வரி ரசீதைப் பாருங்கள்: சொந்தக் காருக்கு இங்கே பதிவு செய்யும்போதே ஆயுள் வரி கட்டிவிடுவோம். ஆயுள் வரி கட்டிய தேதி பதிவுத் தேதிக்குச் சில வருடம் தள்ளி இருந்தால், ஒன்று வெளிமாநில வண்டி, இல்லை வாடகைக்கு ஓடிய வண்டியாக இருக்கலாம். பழைய பாலிசியில் பயணிகளை ஏற்றும் வணிக வாகனம் என்று இருக்கும். ஆக்சிலரேட்டர் பக்கம் ஸ்பீடு கவர்னர் (வேகத்தை மட்டுப்படுத்தும் கருவி) பொருத்திய பிராக்கெட், வெட்டி டேப் சுற்றிய ஒயர் ஆகியவற்றையும் தேடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், மேலே வேளச்சேரி வாசகர் தேடும் எஃப்.சி. வரலாறு இந்த வண்டிக்குத்தான் உண்டு. வாடகை வாகனம் புதிதாக 2 ஆண்டு, பிறகு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பழைய படிவம் 38 (எஃப்.சி. சான்று) நகல்கள் இருந்தால் வாங்கிப் பாருங்கள். இடையில் ஆறேழு மாதம் எஃப்.சி. இல்லாமல் கிடந்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

கேள்வி (திருவான்மியூர்): ஜூன் 2008இல் பதிவான கார். 2023இல் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டரே பார்த்து ஓகே சொன்ன வண்டி என்பதால் துணிந்து வாங்கலாமா?

பதில்: அவர் பார்த்தது ஒரு நாள் நிலவரம். சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட், விளக்கு, ஹாரன், வைப்பர், டயர், பிரேக், புகை என்று அன்றைக்கு இருந்ததைப் பார்ப்பார். இன்ஜின் கம்ப்ரஷனோ தரைத் தகட்டின் துருவோ அவர் கணக்கில் வராது. கடலோரம் நின்ற வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றாமல் பேசவே கூடாது. ஜாக்கி வைக்கும் விளிம்பு, முன் சஸ்பென்ஷன் மேலே பிடிக்கும் டவர், டோரின் அடிமடிப்பு ஆகிய மூன்று இடத்திலும் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் தகடு. 'டொப்' என்றால் உள்ளே துருவை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது.

புதுப்பித்த ஆர்.சி. 5 ஆண்டுக்குத்தான், அதாவது ஜூன் 2028 வரை. அப்போது வண்டிக்கு 20 வயது முடிந்திருக்கும். 15 தாண்டிய காருக்கு ரூ.5,000 ஆக இருக்கும் புதுப்பிப்புக் கட்டணம், 2025 திருத்தப்படி 20 வயதைத் தாண்டினால் ரூ.10,000. பசுமை வரி தனி. இந்தச் செலவை இப்போதே விலையில் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி (முடிச்சூர்): மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டிசம்பர் 2023 அடங்கிய பாலிசியை எடுத்து, அதற்கு அடுத்த வருட என்.சி.பி.யோடு ஒப்பிடுங்கள். ஆனால் அது சுத்தமாக இருந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு சேர்க்காத சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது அரிது. அதனால் பலர் கிளெய்மே போடாமல் வெளியில் பிரித்து வேலை பார்த்திருப்பார்கள்.

எனவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு நிற்கும். பாலிஷ் போடுகிறவர்கள் அங்கே கழுவுவதில்லை. சீட்டை முன்னே தள்ளி ரெயில் போல்ட், ஸ்டெப்னி குழி, கார்பெட்டின் அடிப்பஞ்சு ஆகியவற்றைப் பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கனெக்டரைக் கழற்றினால், செம்புப் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று தெரியும். அந்தப் பச்சைதான் பிறகு ஏர்பேக் விளக்காகவும் ஏ.பி.எஸ். விளக்காகவும் எரியும். உள்ளே வாசனை தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): பெயர் மாற்றத்துக்கு என்னென்ன படிவம்?

பதில்: படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. கடன் இருந்தால் படிவம் 35ம் வங்கியின் தடையில்லாச் சான்றும். வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். அப்போது பழையவரின் என்.சி.பி. சலுகைக்கான வித்தியாசத்தை உங்களிடம் கேட்பார்கள். பேரத்திலேயே அதை யார் கட்டுவது என்று பேசி முடித்துவிடுங்கள்.