மூங்கில் பந்தலில் மாவு கொட்டுகிறதா?

கேள்வி: பீர்க்கு, புடலை ஏற்றுவதற்காக மூங்கில் பந்தல் போட்டேன். எட்டே மாதத்தில் கழிகளிலிருந்து வெள்ளை மாவு கொட்டுகிறது. நான்கைந்து கால்கள் அடியில் இற்றுவிட்டன. மூங்கிலை விட்டுவிட்டுக் கல்தூணுக்குப் போய்விடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு கழியைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெளித்தோலில் நகம் இறங்காது. உட்புறமோ வெளிறி மென்மையாக இருக்கும். புறத்தே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளது புல், அகத்தே வயிரம் உள்ளது மரம் என்கிறது தொல்காப்பியம். மூங்கில் புல்தான். அந்த மென்மையான உட்பகுதியில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது. வெட்டிய முனை வழியாகவும், தோல் சீவிய இடத்திலும் நுழைந்து, குண்டூசித் தலை அளவு துளைகளை விட்டுச் செல்கிறது. அது துளைக்கும்போது உதிரும் தூள்தான் நீங்கள் பார்க்கும் மாவு.

உங்களுக்கு விற்றவர் இளங்கழிகளைக் கொடுத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். மூங்கில் முளை இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பின் பருக்காது, முற்ற மட்டுமே செய்யும். அந்த முற்றலைப் பொறுத்தே பயனும் மாறுகிறது. இளங்குருத்தை வேகவைத்து, நச்சுள்ள அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கிறார்கள். கூடை முடைபவர் வளைந்துகொடுக்கும் இளங்கழியைத் தேடுவார். பந்தல் காலுக்கும் ஏணிக்கும் மூன்று நான்கு வயதாவது ஆகியிருக்க வேண்டும். பளபளக்கும் பச்சையும், கணுவில் ஒட்டிய உறையும் இளமையின் அடையாளம். முற்றியது மங்கிய நிறத்தில், பாசிப் புள்ளிகளோடு இருக்கும்; தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

பந்தலுக்குக் கல்மூங்கில் வாங்குங்கள்; உள்கூடு குறைவு, கனம் அதிகம். மழைக்காலம் முடிந்து, கோடை தொடங்குமுன் வெட்டியதாக இருக்கட்டும். வாங்கியதும் நான்கு வாரமாவது குளத்திலோ தொட்டியிலோ முழுக்க அமிழ்த்தி வையுங்கள். நீர் நாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து வெளியேறுவதன் அறிகுறி அது. பிறகு நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். வீட்டுக்குள் பயன்படும் கழி என்றால் 100 லிட்டர் நீருக்கு 3 கிலோ வெண்காரம் (போராக்ஸ்), 2 கிலோ போரிக் அமிலம் கரைத்து ஊறவைக்கலாம். வெட்டவெளிப் பந்தலில் அந்த மருந்தை மழை கரைத்துவிடும்.

அடி இற்றதற்கு வண்டு காரணமில்லை, ஈரமண்தான். எவ்வளவு முற்றிய மூங்கிலும் மண்ணுக்குள் நெடுநாள் தாங்காது. தரைக்கு மேல் ஓரடி நிற்கும்படி இரும்புக் குழாயைக் காங்கிரீட்டில் நட்டு, அதோடு காலைச் சேர்த்துக் கட்டுங்கள். காலின் நுனி மண்ணைத் தொடக்கூடாது. மேல்முனையைக் கணுவை ஒட்டி அறுத்தால் மழைநீர் உள்ளே தேங்காது. ஆணி அடித்தால் பிளக்கும், கட்டுக்கம்பியே போதும்.

இப்போதுள்ள கழிகளில் மாவு அதிகம் கொட்டுபவற்றை உடனே கழற்றி எரித்துவிடுங்கள். இல்லையென்றால் வண்டு நல்ல கழிகளுக்கும் பரவும்.

வரப்போரம் இடமிருந்தால் நீங்களே நான்கு தூர் வையுங்கள். 2017-இல் இந்திய வனச் சட்டத்தின் ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கிவிட்டார்கள். சொந்தப் பட்டாவில் வளர்த்து வெட்டுவதற்கு இருந்த பழைய தடை இப்போது இல்லை.