அம்மா மறைத்துவைக்கும் ஓவியங்கள்

கேள்வி: நான் மியான்மரின் ரங்கூனில் வசிக்கும் 23 வயதுப் பெண். 2021 ராணுவ ஆட்சிக்கவிழ்ப்பை எதிர்த்து இரவு எட்டு மணிக்கு ஊரே பாத்திரங்களைத் தட்டிய நாட்களை வரையத் தொடங்கினேன். அதன்பின் மூண்ட போர் முடிவதாகத் தெரியவில்லை, கை ஓடவில்லை. அம்மாவுக்கு அடுப்படியைத் தவிர எதுவும் தெரியாது; படம் முடிந்ததும் எடுத்துப்போய் மறைத்துவிடுகிறார். வரைவதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: மகளே, நம்பிக்கையோடு இரு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, போருக்கு வெளியே இருப்பவர் அதைச் சொல்வது எளிது. உன் அம்மாவைப் பற்றி நீ போகிறபோக்கில் எழுதிய வரியைத்தான் விடமுடியவில்லை. மறைக்கும் இடத்தையும் எழுதியிருக்கிறாய். அதை இங்கே அச்சிடவில்லை, அதை எழுதிய உன் அசட்டைக்குக் கண்டிக்கவே செய்கிறேன்.

அடுப்படியில் நிற்பவருக்கு அந்தத் தாள்களை அடுப்பில் போடுவது ஒரு நிமிட வேலை. போடவில்லையே, ஏன்? ஜனநாயகம் கேட்ட 1988 எழுச்சி அடக்கப்பட்டபோது அவர் பள்ளிச் சிறுமியாக இருந்திருப்பார். எதை வீட்டில் வைத்திருந்தால் யார் கதவைத் தட்டுவார்கள் என்பது அந்தத் தலைமுறைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இரவில் தங்கும் விருந்தினரைப் பதிவு செய்யும் கட்டாயம் 2021 பிப்ரவரியில் திரும்பிவந்தது. அச்சத்தையோ பொய்ச் செய்தியையோ பரப்பினால் மூன்றாண்டு வரை சிறை தரும், தண்டனைச் சட்டத்தின் 505ஏ பிரிவும் அதே மாதம் சேர்க்கப்பட்டது. இத்தனையும் தெரிந்த ஒருவர், சோதனைக்கு ஆள் வந்தால் முதலில் தாமே பதில் சொல்ல நேரும் என்றும் தெரிந்து, உன் படங்களைப் பாதுகாக்கிறார் என்றால், அவற்றைப் பிறர் பார்க்கும் காலம் வரும் என்று அந்த வீட்டில் நம்புகிறவர் அவர்தான். நம்பிக்கை இல்லை என்று நீ புலம்பும்போது அதன் பாரத்தைச் சுமப்பவரை அடுப்படி என்கிறாய்!

வரைவதை நிறுத்தாதே. ஆனால் ஒரு வீட்டில் ஒருத்தி எடுக்கும் துணிச்சலுக்கு எல்லோரும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்போது, அவர்களைக் கேட்காமல் அதை எடுக்கும் உரிமை கலைஞருக்கும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். இன்றிரவே அம்மாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் யார் இருக்கிறார், எந்தத் தெரு என்று சொல். அடையாளம் தெரியும் முகங்களை மாற்று. எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்ற முடிவை அவரிடம் விடு. கைப்பேசியில் பிரதிகள் இருந்தால் வெளியே கிளம்புமுன் அழித்துவிடு. சோதனைச் சாவடியில் அதைத்தான் வாங்கிப் பார்க்கிறார்கள்.