ஓலைப்பெட்டிக்குள் ஒரு விளக்கு

கேள்வி: எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி அறையில் ஒரே ஒரு டியூப்லைட்தான். அதிகச் செலவில்லாமல் பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரி விளக்குகள் அமைக்க வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: முதலில் வீட்டுப் பரணைப் பாருங்கம்மா. கிறிஸ்துமஸ் முடிந்து மடித்துப் போட்ட காகித நட்சத்திரங்கள் கிடக்கும். கிழிசலை உள்பக்கம் ஒட்டி, 5 வாட் எல்இடி பல்பு போட்டுத் தொங்கவிடுங்கள். பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். சூட்டில் காகிதம் கருகிவிடும்.

உங்கள் பக்கம் பனையோலைப் பெட்டிக்கா பஞ்சம்? நெருக்கமாகப் பின்னாத பெட்டியாகப் பார்த்துக் கவிழ்த்து, அதற்குள்ளும் எல்இடி பல்பையே இறக்குங்கள். பின்னல் இடுக்கு வழியாகச் சுவரெங்கும் சின்னச் சின்னக் கட்டமாக வெளிச்சம் விழும். நான் பாடம் எடுத்த அறையில் ஒரு குட்டிப்பயல் அந்தக் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

பெரிய பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள். பால்பவுடர் டின்னில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவையுங்கள். அப்புறம் ஆணியால் மீன், புறா என்று புள்ளி புள்ளியாகக் குத்தலாம். உள்ளே ஐஸ் இருப்பதால் டின் நசுங்காது. நன்றாகக் காய்ந்ததும் பேட்டரி சீரியல் லைட்டைச் சுருட்டி உள்ளே வையுங்கள். ஒயர் வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.